வேலை மாறியது நானல்ல

பெறுநர்: அந்தமானில் ஆள் எடுக்கும் கம்பெனிகளின் மனிதவள மேலாளர்கள்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

என் பயோடேட்டாவைப் புரட்டியதும் நீங்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஏன் இத்தனை வேலை மாறினீர்கள்?" நேர்காணலில் இந்தியில் கேட்டீர்கள், நானும் இந்தியிலேயே மழுப்பினேன். இப்போது தமிழில் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் ஊர்க் கணக்கு. ஹேவ்லாக்கில் ஒரு விடுதி, பிறகு சுவராஜ் தீவில் ஒரு விடுதி என்று எழுதியிருக்கிறேனே, இரண்டும் ஒரே விடுதிதான். நான் வரவேற்பு மேசையை விட்டு நகரவில்லை. 2018 டிசம்பரில் தீவின் பெயர்தான் நகர்ந்தது. போர்ட் பிளேரிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு ஏன் குடிபெயர்ந்தாய் என்றும் ஒருவர் கேட்டார். 2024 செப்டம்பரில் மத்திய அரசு ஊரின் பெயரை மாற்றியபோது, நான் டெலானிப்பூரில் அதே வாடகை வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அப்படிக் கேட்ட மேலாளர் மெயின்லாண்டிலிருந்து புதிதாக வந்தவர், பாவம்.

2020 மார்ச்சில் கொரோனா வந்து விடுதியைப் பூட்டியது. ராஜினாமாக் கடிதம் கேட்கிறீர்கள், கொரோனாவிடம் வாங்கிக்கொள்ளுங்கள். ஊரடங்கு தளர்ந்ததும் ஒரு பிரவுசிங் சென்டரில் சேர்ந்தேன். ஒரு பக்கம் திறப்பதற்குள் வாடிக்கையாளர் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரலாம். அந்த மந்தத்தில்தான் என் சம்பளம் ஓடிக்கொண்டிருந்தது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து வந்த கடலடிக் கேபிளைப் பிரதமர் தொடங்கிவைத்தார். சுமார் 2,300 கிலோமீட்டர். நானும் கைதட்டினேன். கொஞ்ச நாளில் வாடிக்கையாளர்கள் கைப்பேசியோடு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

ஒரே வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் என்ன நடக்கிறது? 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழ்க் குடும்பங்களைக் கொண்டுவந்து கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்ட வைத்தார்கள். அவர்கள் வேலை மாறவில்லை. அந்தத் தீவில் மாறுவதற்கு வேறு வேலை எங்கே? 2004 சுனாமி கச்சாலைச் சூறையாடியது. அதற்குப் பிறகும் அங்கே இருந்தவர்கள் உண்டு. 2017இல் மத்திய அமைச்சரவை தோட்டத்தை நடத்திய வனத்தோட்டக் கழகத்தையே மூட முடிவெடுத்தது. அவர்களுடைய பயோடேட்டாவில் ஒரே ஒரு வரி. உங்களுக்குப் பிடித்தமான பயோடேட்டா.

எங்கள் அப்பா பிளைவுட் ஆலைத் தொழிலாளி. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. காடு பிழைக்க அந்த உத்தரவு வேண்டியதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதன்பின் வேலை தேடிப் போன இடத்தில் அவரிடமும் இதே கேள்வியைக் கேட்டார்கள்: "பழைய இடத்தை ஏன் விட்டீர்கள்?"

கோர்ட்டும் கடலும் கேபினட்டும் எடுத்த முடிவுகளுக்கெல்லாம் என் குணத்தில் காரணம் தேடுகிறீர்கள். "நிலைத்தன்மை இல்லை" என்று என் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியதைத் தலைகீழாகவே படித்துவிட்டேன்.

சரி, பேரத்துக்கு வருகிறேன். மூன்று ஆண்டு விலகமாட்டேன் என்று முத்திரைத்தாளில் எழுதித் தருகிறேன். மூன்று ஆண்டு விலக்கமாட்டோம் என்று நீங்களும் எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்

பி.கு.: உங்கள் விளம்பரத்தை மறுபடி படித்தேன். "நீண்டகாலம் பணியாற்றும் மனப்பான்மை அவசியம். ஒப்பந்தக் காலம்: அக்டோபர் முதல் ஏப்ரல் வரை."