நிகரில்லாத் தலைமை நூலகருக்கு ஒரு வாழ்த்து

ஐயா, இது மலேசியாவின் கோத்தா திங்கி ஊர் வாசகன் ஒருவன் அனுப்பும் வாழ்த்து. எந்த நூலகத்தைச் சொல்கிறான் என்று தேட வேண்டாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் கைக்குப் பொறுப்பு என்று ஒன்று போய்விடாமல் கண்ணும் கருத்துமாகக் காத்துவரும் நூலகத் தலைவர் எவரும் இதைத் தமக்கே உரியதாக ஏற்றுக்கொள்ளலாம்.

உங்கள் உழைப்புக்கு ஈடு ஏது! புத்தகத் தேர்வு உங்களுடையது. பகுப்பு எண் உங்களுடையது. பள்ளி விடுமுறை வாசிப்பு நிகழ்ச்சி உங்களுடையது. அதன் பதாகையில் எழுத்து என்ன நிறம் என்பதும் உங்களுடையது. நூலகவியல் பட்டத்தோடு வந்த பெண்ணுக்கு முத்திரைக் கட்டையும் ஒட்டுவில்லையும் தந்திருக்கிறீர்கள். வந்த நாள் முதல் அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. செய்ய நீங்கள் இடம் கொடுத்தால்தானே! இளையவரை விழாமல் காப்பதில் பெற்ற தாயும் உங்களிடம் பாடம் கேட்க வேண்டும்.

அத்திபூத்தாற்போல் வேலையைக் கொடுக்கும்போதும் உங்கள் பெருமை குறைவதில்லை. சிறுவர் பகுதியைச் சீரமைக்கச் சொல்வீர்கள். எதற்காக, எவ்வளவு செலவில் என்பதைச் சொல்ல மாட்டீர்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வந்து அதே அலமாரியை நகர்த்தச் சொல்வீர்கள். மூன்றாம் நாள், “விடுங்க, நானே பார்த்துக்கிறேன்” என்று திரும்ப வாங்கிக்கொள்வீர்கள். என்னே பரிவு!

இந்த முன்யோசனை அன்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இல்லாமல் போயிற்று. 1924இல் அது கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த எஸ். ஆர். ரங்கநாதனைத் தன் நூலகராக்கியது. அவருக்கு நூலகப் பயிற்சி கிடையாது. சேர்ந்த சில நாளிலேயே சலித்துப்போய், வகுப்பறைக்கே திரும்புகிறேன் என்றார். நீங்களாக இருந்தால் நல்லதாயிற்று என்று அனுப்பியிருப்பீர்கள். அவர்களோ இலண்டனுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். திரும்பி வந்தவரிடம் நூலகத்தையே விட்டார்கள். விளைவு, 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகள், 1933இல் கோலன் பகுப்புமுறை. நூலகம் வளரும் உயிர் என்பது அவருடைய ஐந்தாம் விதி. உங்கள் நூலகத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு உங்கள் அருமை இன்னும் நன்றாகப் புரியும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வெள்ளம் புகுந்து கோத்தா திங்கி அடுத்தடுத்து இருமுறை மூழ்கியது. நனைந்த புத்தகத்தில் இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். அப்படியொரு மழை வந்தால் எந்த அடுக்கை முதலில் மேலே ஏற்றுவது, மறுபடி கிடைக்காத உள்ளூர் ஆவணங்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் மட்டுமே பத்திரமாக இருக்கிறது. சாலை துண்டாகி நீங்கள் வர முடியாமல் போனாலும் ஊழியர்கள் உங்கள் உத்தரவுக்காகக் கைகட்டி நிற்பார்கள். தண்ணீர்தான் நிற்காது.

உங்கள் உயரத்தை எட்டாத தலைவர்களும் இருக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு தமிழ்ப் புத்தகப் பெட்டி அனுப்ப வேண்டும் என்றால், அந்த வேலையைப் புதியவரிடம் முழுதாகவே கொடுத்துவிடுகிறார்கள். என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணத்தில், எதைக் கேட்காமலே முடிவெடுக்கலாம், எதைக் கேட்டே ஆக வேண்டும் என்று முதல் நாளே எழுதித் தருகிறார்கள். வாரம் ஒருமுறை உட்கார்ந்து கேட்கிறார்கள். இடையில் எட்டிப் பார்ப்பதில்லை. முதல் பெட்டியில் பிள்ளைகளால் படிக்க முடியாத தடித்த நூல்கள் போய்விட்டால், மேலிடத்துக்குத் தாங்கள் பதில் சொல்லிவிட்டு இரண்டாம் பெட்டியையும் அதே கையில் விடுகிறார்கள். வேலை நன்றாக அமைந்தால் அறிக்கையில் செய்தவர் பெயரைப் போடுகிறார்கள். பாவம், இவர்கள் பத்து நாள் விடுப்பில் போனாலும் நூலகம் தடையில்லாமல் நடக்கிறது. அவசரமாக அழைக்க ஆளில்லை.

அந்தக் குறை உங்களுக்கு வராது. நீங்கள் பணி ஓய்வு பெறும் நாளில், “இவர் இடத்தை நிரப்ப ஒருவரும் இல்லை” என்று மேடையேறும் ஒவ்வொருவரும் சொல்வார்கள். அதை வெறும் முகமனாக எண்ண வேண்டாம், ஐயா. பணிக்காலம் முழுவதும் பாடுபட்டு நீங்களே உண்டாக்கிய உண்மை அது.