இன்னும் ஒரே ஒரு ரூல்

கல்யாணப் பந்தியில் இவரை எளிதில் கண்டுபிடிக்கலாம். எல்லோரும் இலையைப் பார்க்க, இவர் மட்டும் பரிமாறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். "சாம்பார் அந்தக் கோடியிலேர்ந்து வருது, ரசம் இந்தக் கோடியிலேர்ந்து வருது. நடுவிலே ரெண்டும் எதிர்ப்பட்டா யாருக்கு வழி? ஆளுக்கு மூணு சீட்டு கொடுத்து, ஒரே நேரத்திலே திருப்பச் சொன்னா…" என்று முணுமுணுப்பார். பாயசம் வருவதற்குள் ஒரு புது ஆட்டம் தயாராகிவிடும். இவர்தான் போர்டு கேம் டிசைனர். மாதச் சம்பளத்துக்கு ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அது உபதொழில்.

அதில் இவருக்கு வெட்கம் கிடையாது. முன்னோர்களே அப்படித்தான் என்பார். 1995-இல் 'கேட்டான்' ஆட்டத்தைக் கொடுத்த ஜெர்மானியர் கிளாஸ் டாய்பர், செயற்கைப் பல் செய்யும் தொழிலில் இருந்தவர். 'ஸ்கிராபிள்' தந்த ஆல்ஃப்ரெட் பட்ஸ், அமெரிக்கப் பெருமந்தத்தில் வேலை போன கட்டடக் கலைஞர். 1971-இல் 'ஊனோ' சீட்டை உண்டாக்கிய மெர்ல் ராபின்ஸ், ஒஹாயோவில் முடி திருத்துபவர். பல், கட்டடம், முடி என்று போகும் இந்தப் பரம்பரையில் அடுத்த பீடம் சோழிங்கநல்லூரில் டேட்டாபேஸ் பார்க்கும் ஒருவருக்குக் காத்திருக்கிறது என்பது இவருடைய திடமான நம்பிக்கை.

இவர் வீட்டுச் சமையலறையில் பாதி டப்பா காலியாக இருக்கும். கொண்டைக்கடலை குதிரைப்படையில் சேர்ந்துவிட்டது. புளியங்கொட்டை காலாட்படை. துவரம்பருப்பு தங்கம். "என்னங்க, சாம்பார் வைக்கணும், கஜானாவைத் திறங்க" என்று மனைவி வந்து நிற்பார். "ரெண்டே ரவுண்டு இரு, பேங்க் திவாலானதும் எடுத்துக்கலாம்" என்று பதில் வரும். சீட்டுகளெல்லாம் பழைய விசிட்டிங் கார்டுகள். முன்பக்கம் ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் சிரிப்பார். பின்பக்கம், 'வெள்ளம்: மூன்று கிராமம் போச்சு' என்று பால்பாயிண்டில் எழுதியிருக்கும்.

ஆட்டத்துக்கு முன்பே பெட்டி தயாராகிவிடும். பெட்டியின் மேல் ஆட்டத்தின் பெயரைவிட இவர் பெயர் ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கும். கேட்டால் சரித்திரத்தைக் காட்டுவார். 1988-இல் நியூரம்பர்க் பொம்மைக் கண்காட்சிக்கு வந்த டிசைனர்கள் சிலர், பெட்டியில் எங்கள் பெயரைப் போடாத கம்பெனிக்கு ஆட்டம் தரமாட்டோம் என்று பீர்க் கோப்பை வைக்கும் அட்டையில் எழுதிக் கையெழுத்திட்டார்கள். அவர்களிடம் ஆட்டங்கள் இருந்தன, கையெழுத்துக்கு மதிப்பிருந்தது. நம்மவரிடம் இப்போதைக்குப் பெட்டி இருக்கிறது.

புது ஐடியா பிறந்த வாரத்தில் இவரிடம் பேசுவது கஷ்டம். வாயைத் திறந்தால் யாராவது திருடிவிடுவார்களாம். எலிசபெத் மேகி கதையைத் தன் சொந்தச் சொத்து பறிபோனதுபோல் சொல்வார். நிலத்தை வளைத்துப் போட்டு வாடகையில் கொழுப்பது எவ்வளவு அநியாயம் என்று காட்டத்தான் அந்த அம்மாள் ஓர் ஆட்டம் செய்து 1904-இல் காப்புரிமை வாங்கினார். அது கைமாறிக் கைமாறி 1935-இல் சார்லஸ் டாரோவின் பெயரில் 'மோனோபலி' ஆனது. வளைத்துப் போடுவதே அதில் வெற்றி. டாரோ கோடீஸ்வரர் ஆனார்; மேகிக்குக் கிடைத்தது 500 டாலர். "பாத்தீங்களா? அதனாலே முதல்லே இந்தப் பேப்பர்லே கையெழுத்துப் போடுங்க, அப்புறம் ஐடியாவைச் சொல்றேன்" என்பார்.

நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம் 3(எம்) பிரிவில், ஆட்டம் ஆடும் முறை ஒரு கண்டுபிடிப்பே இல்லை என்று ஒதுக்கிவிட்டது. இதைச் சொன்னால் இவர் முகம் வாடும். ஆனால் திருட்டு பயம் மூன்று வாரத்துக்கு மேல் நிற்பதில்லை. நான்காம் வாரம், கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். திருட ஒருவரும் வரவில்லை என்பதுதான் அப்போது பெரிய வருத்தம்.

ஐடியாவும் லேசில் சாகாது, வேஷம் மாற்றிக்கொண்டு வரும். ஒரே நிறத்தில் மூன்று சீட்டு சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. முதலில் அது காவிரி நீர்ப் பங்கீடாக இருந்தது. ஆடியவர்கள் நிஜமாகவே சண்டை போட்டுக்கொண்டதால் செவ்வாய் கிரகக் குடியேற்றமாக மாறியது. இப்போது கோயம்பேடு மார்க்கெட்டில் வந்து இறங்கியிருக்கிறது.

இறங்கியதை யாராவது ஆடிப் பார்க்க வேண்டுமே! அதற்குப் பெயர் பிளேடெஸ்ட். ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கண் சொக்கும் நேரம் பார்த்து, சித்தப்பா, மைத்துனன், கொழுந்தியா, மாமியார் நால்வரையும் கூடத்தில் உட்கார வைத்துவிடுவார். "ரொம்ப சிம்பிள்" என்று தொடங்குவார். இந்தச் சொல்லைக் கேட்டவுடன் எழுந்து ஓடத் தெரிந்தவர்கள் பிழைத்தார்கள். முக்கால் மணி நேரம் விளக்கம் நடக்கும்.

"இதுல வெட்டு உண்டாடா?" என்பார் சித்தப்பா.

"வெட்டெல்லாம் கிடையாது சித்தப்பா. இது யூரோ ஸ்டைல்."

"வெட்டு இல்லாம என்ன ஆட்டம்? தாயமாவது போடணுமா?"

"பகடையே கிடையாது. எல்லாம் நம்ம மூளைதான்."

அந்த இடத்தில் சித்தப்பா தூங்கிவிடுவார்.

ஆட்டம் நடக்கும்போது இவர் ஆடுவதில்லை. நோட்டும் பேனாவுமாக ஓரத்தில் உட்கார்ந்து முகங்களைப் பார்ப்பார். மைத்துனன் கொட்டாவி விட்டால், 'நான்காம் ரவுண்டில் டென்ஷன் குறைகிறது' என்று எழுதுவார். கொழுந்தியா போனை எடுத்தால், 'டவுன்டைம் அதிகம்'. சித்தப்பா குறட்டையையும் விடுவதில்லை: 'மூத்த ஆட்டக்காரர்களுக்கு விதிகளைச் சுருக்க வேண்டும்.'

கடைசியில் காசை எண்ணினால் மாமியாரிடம்தான் அதிகம் இருக்கும்.

"அத்தை, நீங்க ஒரு தக்காளிகூட வாங்கலையே!"

"வெலை ஏறிக்கிட்டேல்ல இருக்கு? இந்த வெலைக்கு எதுக்கு மாப்பிள்ளை வாங்கணும்? கையில இருக்கிற காசு கையிலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

இரவு பகலாகக் கட்டிய மார்க்கெட், ஒன்றுமே வாங்காதவர் ஜெயிக்கும் மார்க்கெட்டாகப் போய்விட்டது. உலகத்து டிசைனர்கள் எல்லோரும் பயப்படும் ஓட்டை இதுதான். ஒரே தந்திரம் எப்போதும் ஜெயிக்குமானால் மற்ற சீட்டெல்லாம் வெறும் காகிதம். அந்த ஓட்டையை அத்தை முதல் ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். "இன்னும் ஒரே ஒரு ரூல் சேத்தா சரியாயிடும்" என்று இவர் எழுதினார்: வாங்காதவர் ஒரு காசு அபராதம் கட்ட வேண்டும். அடுத்த ஞாயிறு அத்தை அபராதத்தைக் கட்டிவிட்டு, மீதிக் காசில் ஜெயித்தார். அபராதம் இரட்டிப்பானது. அதற்கடுத்த வாரம் ஒரே ஒரு வெங்காயத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஜெயித்தார். இரண்டு பக்கமாக இருந்த விதிப்புத்தகம் இப்போது பதினொரு பக்கம். அதில் ஒன்பது பக்கம் அத்தைக்காகவே எழுதப்பட்டது.

வீட்டில் ஆள் அகப்படாதபோது இவர் தன் இனத்தாரைத் தேடிப் போவார். ஏதாவது காபிக் கடை மாடியில் எட்டு டிசைனர்கள் கூடுவார்கள். எட்டுப் பேர் கையிலும் ஆட்டம் இருக்கும், ஆட வந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். ஆகவே இங்கே மொய்க் கணக்குதான். நீ என் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் எழுதினால், நான் உன் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் திருப்பிச் செய்ய வேண்டும். குறைந்தால் அடுத்த விசேஷத்தில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

ஆடி முடித்ததும் யோசனை வழங்குவார்கள். "சூப்பர் ப்ரோ. ஒரே ஒரு விஷயம், தக்காளியை ஏலத்துல விட்டா என்ன?" என்பார் ஒருவர். அவர் பையில் இருப்பது ஏல ஆட்டம். "எதுக்கு ஒருத்தரை ஒருத்தர் தோக்கடிக்கணும்? எல்லாரும் ஒண்ணா சேர்ந்து மார்க்கெட்டைக் காப்பாத்தலாமே" என்பார் இன்னொருவர். 2008-இல் 'பாண்டெமிக்' வந்து, எல்லோரும் ஒரு கட்சியாய் நோய்களோடு மோதியதிலிருந்து இப்படி ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. மூன்றாமவர், "போர்டு எதுக்கு? சீட்டு மட்டும் போதும்" என்பார். நான்காமவர், "சீட்டு எதுக்கு? ஆப் பண்ணிடுங்க" என்பார். கடைசியில் மார்க்கெட்டும் இல்லை, தக்காளியும் இல்லை. "அருமையான ஃபீட்பேக்" என்று கைகுலுக்கிவிட்டு, நம்மவர் அடுத்தவர் ஆட்டத்துக்குப் போய், "இதுல ஒரே ஒரு ரூல் சேத்தா…" என்று பழி தீர்த்துக்கொள்வார்.

பதிப்பாளர் திருப்பி அனுப்பினாலும் இவர் அசரமாட்டார். ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற கணிதக்காரர் 'ரோபோராலி' என்ற ஆட்டத்தோடு ஒரு கம்பெனிக்குப் போனபோது, தயாரிக்கச் செலவாகும், கையில் கொண்டுபோய்ச் சட்டென்று ஆடுகிற மாதிரி ஏதாவது கொடு என்றார்கள். அவர் போய் 'மேஜிக்: தி கேதரிங்' சீட்டுகளோடு வந்தார். 1993-இல் அது வெளிவந்து கம்பெனியையே தூக்கி நிறுத்தியது. ஆகவே, 'தற்சமயம் எங்களுக்கு ஏற்றதாக இல்லை' என்று வரும் ஒவ்வொரு மின்னஞ்சலையும் இவர் தன் சரித்திரத்தின் முதல் அத்தியாயமாகச் சேமித்து வைக்கிறார். அத்தியாயங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன.

இவர் உங்கள் வீட்டுக்கும் ஒருநாள் பையோடு வருவார். ஆட்டம் முடிந்ததும், "எப்படி இருந்தது?" என்பார். நல்லா இருக்கு என்று சொல்லிவிடாதீர்கள். அடுத்த வாரமும் கொண்டுவருவார். நல்லா இல்லை என்றும் சொல்லாதீர்கள். சரிசெய்து நாளைக்கே கொண்டுவருவார். கொஞ்சம் யோசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, "சார், எனக்கும் ரொம்ப நாளா ஒரு கேம் ஐடியா இருக்கு. ரொம்ப சிம்பிள்…" என்று ஆரம்பியுங்கள். வாட்சைப் பார்ப்பார். செருப்பைத் தேடுவார். லிஃப்ட்டுக்குக்கூட நிற்காமல் படியிலேயே இறங்கிவிடுவார்.