கூட்டத்து அண்ணன்

காசிமேட்டில் மீனவர்களுக்காக யார் என்ன செயலி செய்ய வந்தாலும், ஆலோசனைக் கூட்டத்தின் முதல் வரிசையில் இவர் இருப்பார். ஐம்பதைத் தாண்டியவர், ஒரு காலத்தில் விசைப்படகு டிரைவர். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம்தான் இவருக்கு சீசன். கூட்டங்களில் கொடுத்த ஜிப் வைத்த பைகள் வீட்டில் அடுக்கடுக்காக இருக்கின்றன. ரேஷன் கார்டுக்கு ஒன்று, பாஸ்புக்குக்கு ஒன்று, மிச்சத்தில் அண்ணியின் வெற்றிலை பாக்கு.

வந்தவர்களைப் பார்த்ததுமே இனம் பிரித்துவிடுவார். மழை வருமா என்றால் "வாய்ப்பு இருக்கிறது" என்பவர் கடலியல் சார். லேப்டாப்பை விட்டு நிமிராதவர் கோடு எழுதும் தம்பி. கலர் கலராக ஒட்டுத்தாள் வைத்திருப்பது டிசைன் பாப்பா. டீ வருவதற்குள் கிளம்பிவிடுபவர் அதிகாரி.

இத்தனை பேர் வரக் காரணம் இருக்கிறது. ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம், கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் வழியே பார்த்து, மீன் கூடக்கூடிய இடத்தைத் திசை, தூரம், ஆழத்தோடு சொல்கிறது. இதுபோன்ற தகவலைப் படகுக்காரர் கைக்குக் கொண்டுவர, 2007இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் குவால்காம், டாடா டெலிசர்வீசஸ் ஆகியவற்றோடு சேர்ந்து 'ஃபிஷர் பிரண்ட்' திட்டத்தைத் தொடங்கியது. பிற்பாடு அது ஆண்ட்ராய்டு செயலியானது. அலை உயரம், மீன் விலை, சர்வதேச எல்லை நெருங்கினால் எச்சரிக்கை எல்லாம் உள்ளங்கை அகலத் திரையில் அடங்க வேண்டும். எதை மேலே வைப்பது என்பதில்தான் சண்டையே.

சண்டையைக் கூட்டத்தில் தேடினால் கிடைக்காது. அங்கே அண்ணன் தங்கமான மனிதர். என்ன காட்டினாலும் "சோக்கா கீது சார்" என்பார். கைதட்டி, போட்டோ எடுத்து, அறிக்கையும் எழுதிவிடலாம்.

விவரம் தெரிந்த பாப்பா அப்போது நோட்டைத் திறப்பதில்லை. டீக்கடையில்தான் திறப்பார்.

"மத்தியான வெயில்ல இத்த தொறந்தா என் மூஞ்சிதான் தெரியுது. கையி ஈரமா கீது, ஒண்ண தொட்டா இன்னொண்ணு தொறக்குது. ஆழம் மீட்டர்ல போட்டுகீறீங்க, எத்தினி பாகம்னு சொல்லு. அப்பால, ஓடிபி கேக்குதே, அதுக்குன்னு கரைக்குத் திரும்பணுமா?"

ஓடிபி வைத்த தம்பிக்கு டீ புரையேறும். கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் டவர் கிடையாது என்பது கடலியல் சாருக்குத் தெரியும். தம்பி கேட்கவில்லை, சார் சொல்லவில்லை. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார அண்ணனின் வாய் தேவைப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் நார்வேயில் கிறிஸ்டன் நிகார்ட் என்ற கணினி அறிஞர் உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு உட்கார்ந்து, கருவியைப் பயன்படுத்துபவர்களின் வாயாலேயே கேட்கும் இந்த வேலையைத்தான் செய்தார். அங்கே டீக்கடை இருந்ததா என்று அண்ணன் கேட்கக்கூடும்.

டவர் விவகாரம் வெறும் வேடிக்கையில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. அதன்பின் 2019 அக்டோபரில் ஜெமினி என்ற கருவி அறிமுகமானது. படகிலுள்ள பெட்டி, ககன் என்ற இந்திய வழிகாட்டு அமைப்பின் செயற்கைக்கோள் வழியே செய்தியை வாங்கி, புளூடூத்தில் செல்போனுக்கு அனுப்பும். பதில் அனுப்ப வழியில்லை. அண்ணன் ஒரே வரியில் முடித்தார்: "ஆபீசரு மாதிரி. சொல்லும், கேக்காது."

கடைசியாக, குரலைத் தாழ்த்தித் தன் சொந்தக் கோரிக்கையை வைத்தார்.

"எல்லா போனுக்கும் ஒரே எடத்த காட்டுனா அங்க மீனு இருக்காது தம்பி, போட்டுதான் இருக்கும். என் மச்சான் போனுக்கு மட்டும் அரைமணி முன்னாடி காட்டுற மாதிரி ஒரு பட்டன் வையேன்."

"மத்தவங்களும் கேட்டா என்ன பண்றது அண்ணே?"

"எப்பிடி கேப்பான்? அந்த மீட்டிங்குக்கும் நான்தானே வருவேன்!"