மழை பெஞ்சா டிரெய்னருக்கு யோகம்

வாடா மாப்ளே, உக்காரு. லைசென்ஸ் கைக்கு வந்துடுச்சாமே? ராஜகீழ்ப்பாக்கம் ஏரிக்கரையில எருமை ஓட்டின வம்சத்துல ரேஸ் குதிரைக்கு டிரெய்னர்! மாமன் மார் நிமிர்த்தாம வேற யாரு நிமிர்த்துவாங்க? நாலு புத்தி சொல்றேன், கேட்டுக்கோ.

முதல்ல, ரேஸ் அன்னிக்கு விடியக்காலம் டிராக்கில இறங்கி நடக்குற கெட்ட பழக்கத்தை விட்டுடு. ஐப்பசி கார்த்திகையில நம்ம கடலோரத்து மழை ராத்திரியும் விடியலும் பாத்துத்தான் கொட்டும். பன்னெண்டு மணிக்குச் சுள்ளுனு வெயில் வரும். முதல் ரேஸுக்குள்ள மேல்தோல் காஞ்சிருக்கும்; அடியில ஈரம் அப்படியே நிக்கும். காலால மிதிச்சவனுக்கு இது தெரிஞ்சுபோகும். தெரிஞ்சவனுக்கு, குதிரை தோத்ததும் "தரை இப்படி ஆகும்னு நினைக்கலை சார்"னு சொல்ல வாய் வருமா? அதனால நீ தூங்கு.

எழுந்ததும் பெனிட்ரோமீட்டர் நம்பரை மட்டும் கேளு. ஒரு கம்பி மேல எடையை விழவிட்டு, அது மண்ணுல எவ்வளவு இறங்குதுனு டிராக்கைச் சுத்திப் பல இடத்துல பாப்பாங்க. சராசரி எடுத்து ஒரே நம்பரா போட்டுடுவாங்க. நம்பர் சின்னதா இருந்தா கெட்டித் தரை, பெருசானா பொதபொதப்பு. சராசரி இருக்கே, அது டிரெய்னருக்குனே பொறந்த சாமிடா. ஒரு வளைவுல பாறையாட்டம் இருந்து, இன்னொரு வளைவுல காலு புதைஞ்சாலும் நம்பர் நடுவுல சாதுவா உக்காந்திருக்கும். காலையில எடுத்த அந்த நம்பரையே கடைசி ரேஸ் வரைக்கும் ஜபம் பண்ணு. அதுக்குள்ள ஆறு ரேஸ்ல குதிரைங்க உள்கம்பி ஓரமே ஓடி, அந்த ஓரத்தைச் சேடை ஓட்டின கழனியாட்டம் ஆக்கி வெச்சிருக்கும். விவரமான ஜாக்கி தூரம் கூடினாலும் பரவாயில்லைனு நாலு குதிரை அகலம் தள்ளி வெளியே வந்துடுவான். உன் ஜாக்கிக்கு அதைச் சொல்லாதே. ஒண்ணாம் நம்பர் கேட் கிடைச்ச சந்தோஷத்துல அவன் உள்ளயே போய்ச் சொருகட்டும்.

குதிரையைப் பத்தியும் ரொம்ப ஆராயாதே. காலை உசத்தித் தூக்கிப் போடுறது ஈரத்துல தாக்குப் பிடிக்கும், மண்ணை ஒட்டிச் சீவிக்கிட்டுப் போறது காஞ்ச தரைக்கு ஆகும்னு லாயத்துல குதிரையைப் பாத்துக்குற சைஸ் சொல்லுவான். அவன் தினம் அதோடயே படுத்து எழுந்திருக்கிறவன். அவன் பேச்சைக் கேட்டா உன் கௌரவம் என்ன ஆகுறது?

ஓனர் வந்து பக்கத்துல நிப்பார். ரேஸுக்கு முன்னாடி "நம்ம குதிரைக்கு இந்தத் தரை தோது சார்"னு சொல்லு. முடிஞ்சதும் தொப்பியைக் கழட்டி, "கொஞ்சம் இளகிடுச்சு சார்"னு சொல்லு. மழையே பெய்யலைன்னா "கெட்டியாயிடுச்சு"னு மாத்திக்கோ. ஜெயிச்சுட்டியா? அன்னிக்குத் தரையைப் பத்திப் பேச்சே எடுக்காதே.

இது சூதாட்டம்டானு எவனாவது வம்பிழுத்தா தீர்ப்பை எடுத்து விடு. 1974-ல தமிழ்நாடு அரசு ரேஸையே ஒழிக்கச் சட்டம் போட்டுச்சு. 1996-ல உச்ச நீதிமன்றம், இது திறமை வேணுங்குற ஆட்டம்னு சொல்லிடுச்சு. யாரோட திறமைனு மட்டும் நீ வாயைத் திறக்காதே.

அது கிடக்கட்டும். எந்தக் கம்பியும் இறங்கிக் காட்டாத தரை மாத்தம் ஒண்ணு இருக்கு பாரு. கிண்டி ரேஸ் மைதானம் நூத்தறுபது ஏக்கர், 1945-ல ரேஸ் கிளப்புக்கு 99 வருஷத்துக்குக் குத்தகை. வருஷத்துக்கு 614 ரூபாய்ச் சொச்சம்! கேம்ப் ரோட்டுல ஒரு பெட்டிக்கடை வைக்க ஒருநாள் கேட்டுப் பாரு, தெரியும். 2024 செப்டம்பர்ல அரசு குத்தகையை ரத்து பண்ணிச்சு. அதுக்கு முன்னாடியே ஜூன்ல ஊட்டி மைதானம் கைமாறிடுச்சு. கிளப்பு கோர்ட்டுக்குப் போச்சு, அரசு பசுமைப் பூங்காவும் குளமும்னு பேசுச்சு. வேளச்சேரிக்காரங்க முழங்கால் தண்ணியில நின்னவங்க, குளம்னா வேணாம்னு சொல்லுவாங்களா? நானும் சொல்ல மாட்டேன். 2015 மழையில தாம்பரத்துல கொட்டினதைப் பாத்தவன். ஆனா 1777-லேருந்து குதிரை ஓடின மண்ணு அதுன்னு நினைச்சா லாயத்துக்காரங்க பொழைப்பு கண்ணுல வருது.

எதுக்கும் நீ பெங்களூரு, மைசூரு, ஐதராபாத்துனு குதிரையை வண்டியில ஏத்திக்கிட்டு அலையத் தயாரா இரு. புனேயில மழைக்காலத்துக்குனே ஒரு சீசன் நடக்குது. அங்க போனா சாக்குக்குப் பஞ்சமே இல்லை.

சரி, நேரமாச்சு, கிளம்பு. போறதுக்கு முன்னாடி நாலாவது ரேஸுல எதுனு மட்டும் மாமன் காதுல சொல்லிட்டுப் போ. மழை வந்தா போன் பண்ணி மாத்திச் சொல்லு.