சாட்சி உன் பொண்டாட்டிதான் மாப்ளே

வா மாப்ளே, உக்காரு. கட்டில்ல வேணாம், இந்தா, இந்த முக்காலியில உக்காரு. கட்டில்ல சாஞ்சேன்னா நான் பேசி முடிக்கிறதுக்குள்ள கண்ண மூடிருவ. அப்பறம் உன் குறட்டைக்குத் தொழுவத்துல கெடக்க மாடு மெரண்டு கயித்த அத்துக்கிட்டு ஓடும். அதத் தேடிப் போக எனக்கு இப்பத் தெம்பு இல்ல.

காதுகுத்து வீட்டுல நீ பேசுனத நானும் கேட்டேன். "ஊருல அவனவன் மாத்திர போட்டும் தூங்க முடியாமக் கெடக்கான். எனக்குத் தலகாணியில தல பட்டாப் போதும். பகல்லயும் உக்காந்த எடத்துல தூங்கிருவேன். அது ஒரு வரம்"னு, சாம்பார் ஊத்த வந்த பையன வரைக்கும் நிறுத்தி வச்சுச் சொன்ன. அந்தப் பய வாளியோட நின்னு கேட்டான், பாவம்.

ஏன் மாப்ளே, ராத்திரி எட்டு மணி நேரம் தூங்குனவனுக்குப் பகல்ல எதுக்குத் தூக்கம் வருது? மண்டியில ஏவாரி துவரம்பருப்பு வெல சொல்லிக்கிட்டு இருக்கான், நீ கல்லாவுல உக்காந்து சாமியாடுற. கணக்குல பத்து ரூவா கொறஞ்சா மூணு நாளு தேடுறவன் நீ. ராத்திரி தூங்குன தூக்கம் எங்க போச்சுன்னு ஒரு நாளாச்சும் தேடுனியா?

உனக்குத் தெரியாது. தெரியவும் செய்யாது. உலகத்துல உன் தூக்கத்தப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஆளு ஒருத்தன் உண்டுன்னா அது நீதான். தெரிஞ்சவ ஒருத்தி இருக்கா. அவ இப்பக் கூடத்துல படுத்துக்கிறா. "பொம்பள சுகத்துக்குக் காத்தாடிக்குக் கீழ படுக்கா"ன்னு நீ அதுக்கு ஒரு வியாக்கியானம் வச்சிருக்க.

மருமக உன் மாமியாட்டச் சொல்லல, உங்க அம்மாட்டயும் சொல்லல. எங்கிட்டத்தான் வந்து சொன்னா. "மாமா, குறட்டை எனக்குப் பழகிப் போச்சு. சத்தம் திடீர்னு நின்னுருது பாருங்க, அப்பத்தான் எனக்கு அடிவயித்தக் கலக்குது. நெஞ்சு மட்டும் ஏறி ஏறி எறங்குது, மூக்குல காத்து வரல. வெரல வச்சுப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். அப்பறம் 'ஹக்'குன்னு ஒரு இழுப்பு இழுத்துட்டு மறுபடியும் ஆரம்பிக்காக." இம்புட்டையும் பாத்துட்டு, விடிய முந்தி எந்திரிச்சு உனக்குக் காப்பி போட்டுக் குடுக்கா. நீ அதக் குடிச்சுட்டு, "நேத்து அருமையான தூக்கம்"ங்குற.

நம்ம கெணத்து மோட்டார் ஓசு ஞாபகம் இருக்கா? உங்க அப்பன் துட்ட மிச்சம் பிடிக்கேன்னு கம்பி சுத்தாத லேசு ஓசு வாங்கிட்டு வந்தாரே, அது. மோட்டார் இழுத்த இழுப்புல ஓசு உள்வாங்கிச் சப்பிப் போச்சு. தண்ணி ஏறல. மோட்டாருக்கு அது தெரியுமா? அது பாட்டுக்கு இழுத்துக்கிட்டே கெடந்து சூடேறுச்சு. உன் தொண்டையும் அந்த ஓசுதான். முழிச்சிருக்கையில தொண்டச் சதை வெறப்பா நின்னு வழி விடுது. தூங்குனாத் தளருது. மல்லாக்கப் படுத்தா நாக்கு பின்னால சரியுது. கழுத்தச் சுத்தி நீ சேத்து வச்சிருக்க கொழுப்பு வேற அமுக்குது. பாதி அடைச்சா சதை அதிர்ற சத்தம், அதுதான் குறட்டை. முழுக்க அடைச்சா சத்தமே கெடையாது. அப்படி 10 நொடியோ அதுக்கு மேலயோ காத்து நின்னாத்தான் தூக்க மூச்சடைப்புன்னு கணக்கு. ஸ்லீப் ஆப்னியான்னு நம்ம பேத்தி சொல்லுதா. மதுரையில நெஞ்சு டாக்டருக்குப் படிக்காள்ல, அவ. நான் பேசுற டாக்டர் பேச்சு பூராம் அவட்டக் கேட்டதுதான். மாமன் என்னிக்குப் படிச்சான்னு முழிக்காத.

மோட்டார் கதைய இன்னும் முடிக்கல. காத்து வரலன்னாலும் நெஞ்சு இழுக்கத்தான் செய்யும். உள்ள உறிஞ்சல் ஏறி, அந்த உறிஞ்சல் இதயச் சுவத்தையே வெளிப்பக்கமா இழுக்குது. ரத்தத்தத் தள்ளுற வேலையோட இந்த இழுப்பையும் எதுத்து மல்லுக்கட்டணும் அந்த இதயம். அந்த நேரத்துல ரத்தத்துல ஆக்சிஜன் எறங்குது. கழுத்து ரத்தக்கொழாய்க்குப் பக்கத்துல அதக் கண்டுபிடிக்கிறதுக்குன்னே ஒரு குட்டி உறுப்பு இருக்காம், அது மூளைக்குச் சேதி அனுப்புது. ஒடம்பு பூராம் ரத்தக்கொழாய் சுருங்குது, அட்ரினலின் பாயுது, மூளை உன்ன அரைகொறையா எழுப்புது. நீ முழிச்சதே உனக்குத் தெரியாது. ஆனா 'ஹக்'குன்ன அந்த நொடியில ரத்தக் கொதிப்பு விர்ருன்னு ஏறி நிக்கும்.

இது ஒரு மணி நேரத்துக்கு எத்தன தடவன்னு எண்ணுவாக. மூச்சு முழுசா நிக்கிறது, பாதியாக் கொறையிறது ரெண்டையும் சேத்து. 5க்குக் கீழன்னா போகட்டும்னு விட்டுருவாக. 15 வரைக்கும் லேசு, 30 வரைக்கும் நடுத்தரம், அதுக்கு மேல கடுமை. மணிக்கு 30ன்னா ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா. 7 மணி நேரத்துக்கு 210 தடவ உன் கழுத்த நெரிச்சு நெரிச்சு விட்டா எப்படி இருக்கும்? அதத்தான் நீ பந்தியில வரம்னு சொல்லிக்கிட்டு இருந்த.

ரத்தக் கொதிப்புக்கு மூணு மாத்திர போடுறயே, எறங்குச்சா? எறங்கல. "மாத்திர கம்பெனிக்காரன் ஏமாத்துறான்"ங்குற. நல்லபடியாத் தூங்குறவனுக்கு ராத்திரியில ரத்தக் கொதிப்பு பகல விட நூத்துக்குப் பத்துலருந்து இருபது வரைக்கும் தானா எறங்கணும். இதயத்துக்குக் கெடைக்கிற ஒரே லீவு அது. உன்னுது எறங்குறதே இல்ல, ராத்திரி ஷிப்டும் சேத்துப் பாக்குது. மூணு மாத்திரைக்கும் அடங்காத கொதிப்புன்னா, வெவரமான டாக்டர் மொதல்ல கேக்குற கேள்வில ஒண்ணு, "குறட்டை உண்டா?"ங்கறதுதான். உங்கிட்டக் கேட்டாக. நீ இல்லைன்னுட்டு வந்த. மருமக வெளியில செருப்புக்குக் காவல் இருந்தா.

இன்னொண்ணு கேக்கேன், கூச்சப்படாமச் சொல்லு. ராத்திரி எத்தன தடவ ஒண்ணுக்குப் போற? சர்க்கரை பாத்தாச்சு, இல்லைன்னுட்டாக. வயசானா வர்ற சுரப்பி வீக்கமோன்னு ஸ்கேன் எடுத்தாச்சு, அதுவும் இல்ல. இதயத்த அந்த உறிஞ்சல் இழுத்து விரிக்குதுன்னு சொன்னேன்ல, விரிஞ்ச மேலறை "ஒடம்புல தண்ணி கூடிப் போச்சு"ன்னு தப்பா நெனச்சு ஒரு சுரப்ப விடுது. அது கிட்னியப் போயி, "உப்பையும் தண்ணியையும் வெளிய தள்ளு"ங்குது. மூச்சடைப்பு உள்ளவக பல பேரு ராத்திரி நடையா நடக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். மூணு வைத்தியர்ட்டக் காசு குடுத்தியே, ஒருத்தராச்சும் தொண்டைய எட்டிப் பாத்தாகளா? சரி விடு. வயித்துக்குக் கீழ வலிக்குன்னு போறவன் கழுத்தப் பத்திப் பேசுவானா.

கொதிப்புல ஆரம்பிச்சு, அந்த மேலறை தாளம் தப்பித் துடிக்கிற வியாதி, இதயம் தளந்து போறது, மாரடைப்பு, பக்கவாதம்னு வரிசையாப் போகுது இதோட சொந்தபந்தம். இந்த வியாதிக்காரகள எடுத்துக்கிட்டா நூத்துக்கு 40லருந்து 80 பேரு வரைக்கும் மூச்சடைப்பு இருக்குன்னு அமெரிக்க இதய சங்கம் 2021ல எழுதி வச்சிருக்கு. பெருத்த ஒடம்பும் ரெண்டுக்கும் பொதுவான காரணந்தான். எல்லாப் பழியையும் தொண்டை மேலயே போட முடியாது.

ஆனா ஒரு கணக்கு என்னையத் தூங்க விடல. திடீர்னு இதயம் நின்னு சாகுறவக பொதுவாக் காலம்பற ஆறுலருந்து மத்தியானத்துக்குள்ளதான் அதிகம் போவாக. 2005ல அமெரிக்காவுல மின்னசோட்டாவுல, தூக்கப் பரிசோதனை செஞ்சிருந்து அப்பறம் அப்படித் திடீர்னு செத்துப் போன 112 பேரோட கணக்க எடுத்துப் பாத்தாக. மூச்சடைப்பு இருந்தவகள்ல 46 சதவீதம் பேரு போனது நடுராத்திரிக்கும் காலம்பற ஆறுக்கும் நடுவுல. இல்லாதவகள்ல அது 21 சதவீதம். "தூக்கத்துலயே போயிட்டாக, கொடுத்து வச்ச ஆத்மா"ன்னு எழவு வீட்டுல சொல்லுவோம்ல? அதுல கொஞ்சப் பேராச்சும் கொடுத்து வச்சவக இல்ல, கவனிக்காம விட்டவகன்னு இப்பத் தோணுது.

மின்னசோட்டா தூரம்னா பம்பாய்க்கு வா. கழுத்து நெறையத் தங்கச் சங்கிலி போட்டுக்கிட்டு டிஸ்கோ மெட்டுப் போட்டாரே பப்பி லஹிரி, 2022 பிப்ரவரியில இந்த மூச்சடைப்புலதான் எறந்தார்னு ஆஸ்பத்திரிக்காரக சொன்னாக. அவருக்கு வேற வேற சீக்கும் இருந்துச்சு.

உன்ன மாதிரி பெரிய மனுசனுக்குப் பெரிய மனுசன் உதாரணந்தான் சரி. அமெரிக்காவுல டாஃப்ட்னு ஒரு ஜனாதிபதி, 1909லருந்து 1913 வரைக்கும் இருந்தவரு. ஏறக்கொறைய 150 கிலோ. கூட்டத்துல தூங்குவாரு, பேசிக்கிட்டு இருக்கவக முன்னாலயே தூங்குவாரு. ரத்தக் கொதிப்பும் இருந்துச்சு. நோய்க்கு அப்பப் பேரே கெடையாது. பின்னால வந்த டாக்டருதான் குறிப்புகளச் சேத்துப் பாத்து இதாத்தான் இருக்கும்னாக. பதவி போனதும் மனுசன் வாயக் கட்டி ஒரே வருசத்துல 30 கிலோ கொறைச்சாரு. தூக்கம் தெளிஞ்சுச்சு. 1921ல தலைமை நீதிபதி ஆனாரு. பதவி போனாத்தான் உனக்கும் புத்தி வரும்னா, வர்ற வருசம் வணிகர் சங்கத் தேர்தல்ல நானே எதுத்து நிக்கிறேன்.

வைத்தியம் என்னன்னு கேளு. மூக்குல கவசம் மாதிரி ஒண்ண மாட்டி, சின்ன மெசின்லருந்து காத்தழுத்தம் குடுத்துக்கிட்டே இருப்பாக. அந்தக் காத்து உள்ள இருந்து தாங்கித் தொண்டை சப்பிப் போகாமப் பாத்துக்கிடும். ஆஸ்திரேலியாவுல சிட்னியில காலின் சல்லிவன்னு ஒரு டாக்டர் 1981ல கண்டுபிடிச்சுச் சொன்னது. மொத மெசினத் தூசி உறிஞ்சுற மெசின் மோட்டாரத் திருப்பி ஊதவிட்டுத்தான் செஞ்சாராம். நம்ம ஊர்ல இருந்திருந்தா பட்டறைக்காரன்னு சொல்லி வாசல்ல நிறுத்தியிருப்போம்.

ஸ்பெயின்ல பத்து வருசம் போல ஆம்பளைகளப் பின்தொடர்ந்து பாத்து 2005ல சொன்னாக. கடுமையான மூச்சடைப்ப வைத்தியம் பாக்காம விட்டவக, இதய வியாதியில செத்தது நல்லா இருந்தவகள விட மூணு மடங்கு போல. மெசின் போட்டவகளுக்கு அந்த அளவுக்கு ஆபத்து இல்ல. வெறும் குறட்டை மட்டும் விட்டவகளுக்கும் ஆபத்து கூடல. அதனால சத்தம் போடுறவன் எல்லாரையும் நான் வையல.

மெசினு மந்திரக்கோலும் இல்ல மாப்ளே. ஏற்கனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,700 பேருக்கு மேல சேத்து ஒரு பெரிய சோதனை வச்சு, 2016ல முடிவு சொன்னாக. மெசின் போட்டும் மாரடைப்பும் பக்கவாதமும் கொறையல. பகல் தூக்கம் கொறஞ்சுச்சு, மனசு தெளிஞ்சுச்சு, அம்புட்டுத்தான். ஆனா அவக ஒரு ராத்திரிக்குச் சராசரியா மாட்டுனது 3.3 மணி நேரம். பாதி ராத்திரி கழட்டி வச்சுட்டுப் படுத்தா மெசின் என்ன செய்யும், சுவத்துக்கா ஊதும்? பேத்தி என்னமோ, "அத வச்சு முழுசா ஒரு முடிவுக்கும் வர முடியாது தாத்தா"ங்குதா. என் முடிவு ஒண்ணுதான்: இதயம் கெட்டதுக்கு அப்பறம் ஓடுறத விட இப்பவே நடந்து போறது நல்லது.

கவசம் மாட்டுனாப் பிள்ளைக சிரிக்கும்னு யோசிக்கிற, தெரியுது. நீ தூங்குறத மூத்தவன் போன்ல படம் பிடிச்சு வச்சுக்கிட்டு ஏற்கனவே சிரிக்குதுக.

சும்மா செய்யக்கூடியதும் உண்டு. ஒருச்சாச்சுப் படு. பனியன் முதுகுல ஒரு பை தச்சு அதுல பந்த வச்சா மல்லாக்கத் திரும்ப விடாது. மருமக தச்சுக் குடுப்பா, சந்தோசமாத் தச்சுக் குடுப்பா. ராத்திரி சரக்கு வேணாம், அது தளந்த தொண்டைய இன்னும் தளத்திப்புடும். பத்து மணிக்கு மேல பஜார்ல நின்னு எண்ணெய் பரோட்டாவ அடுக்கடுக்காப் பிச்சுப் போடுறத நிறுத்து. சுவிட்சர்லாந்துல 25 பேர வச்சு, ஆஸ்திரேலியப் பழங்குடிகளோட நீளக் கொழல நாலு மாசம் பாதிப் பேரு ஊதிப் பழகுனாக. தொண்டச் சதை இறுகி மூச்சடைப்பு கொறஞ்சுச்சுன்னு 2006ல பிரிட்டிஷ் மருத்துவ இதழ்ல வந்துச்சு. நாயனத்துக்கு அப்படி நடக்குமான்னு யாரும் சோதிச்ச மாதிரி தெரியல. நீ ஆரம்பிக்கிறதுன்னா மண்டியில வச்சு ஊது, வீட்டுல வேணாம்.

அப்பறம், இது ஆம்பளைக்கு மட்டும் வர்ற சீக்குன்னு நெனைக்காத. மாதவெலக்கு நின்ன பெறகு பொம்பளைகளுக்கும் கூடுது. உங்க அம்மா மத்தியானம் சீரியல் பாக்கையில கழுத்தத் தொங்கப் போட்டுத் தூங்குது. நீ அதையும் வரம்னுதான் சொல்லியிருப்ப.

செவ்வாக்கிழமை மதுரைக்குப் போறோம். பேத்தி எடம் சொல்லி வச்சிருக்கா. ஒரு ராத்திரி படுக்க வச்சு, தலையில நெஞ்சுல ஒயரு ஒட்டி, வெரல்ல ஒரு கிளிப்ப மாட்டி எண்ணிருவாக. வலிக்காது. வண்டிய நீ ஓட்டாத, உன் மச்சினன் ஓட்டட்டும். போன மாசம் திருமங்கலம் தாண்டிக் கண்ணசந்து நீ ரோட்ட விட்டு எறங்குனத அவன் எங்கிட்டச் சொல்லிட்டான். டாக்டர் ரூமுக்குள்ள மருமகளையும் கூட்டிக்கிட்டுப் போகணும். "எப்படித் தூங்குறீங்க?"ன்னு கேட்டா, நீ வாயத் தொறக்கக் கூடாது. அவ சொல்லுவா. அவ சொல்லுறப்ப, "அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார்"னு நடுவுல விழுந்தேன்னு வையி, மூத்தவன் போன்ல இருக்க படத்த வணிகர் சங்க வாட்ஸ்அப்புல போட்டுருவேன். எப்படிப் போடுறதுன்னு பேத்தி சொல்லிக் குடுத்துருக்கா.