எங்கள் ராசிநாதனின் சைஸ்

எனக்குச் சிம்ம ராசி. ராசிநாதன் சாட்சாத் சூரிய பகவான். பெருமைப்பட வேறு அதிகம் இல்லாததால் இதையே கொஞ்சம் உரக்கச் சொல்லித் திரிந்தேன். 109 பூமிகளை வரிசையாக வைத்தால்தான் அவரின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு எட்டும். உள்ளே கொட்டினால் 13 லட்சம் பூமி பிடிக்கும். சூரியக் குடும்பத்தின் எடையில் 99.8 சதவீதம் அவர் ஒருவரே. வியாழன், சனி, நாம் எல்லாம் மீதிச் சில்லறை.

இந்தப் பெருமையில் மண்ணைப் போட்டவர் பெரியப்பா. அவர் திருவாதிரை. ஒரு மார்கழி இரவில் மொட்டை மாடிக்கு இழுத்துப் போய், கிழக்கே செக்கச் செவேலென்று மின்னிய ஒன்றைச் சொந்தப் பட்டா நிலம் போலக் காட்டினார். "உன் சூரியனைவிட எழுநூறு மடங்கு அகலம்டா. அதைத் தூக்கிச் சூரியன் இருக்கிற இடத்துல வெச்சா, புதன், சுக்கிரன், பூமி, செவ்வாய் எல்லாம் உள்ளே போயிடும்!"

புளுகாக இருக்கும் என்று சரிபார்த்தேன். இல்லை. 1920 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சனில், 100 அங்குலத் தொலைநோக்கியின் தலையில் 20 அடி இரும்பு உத்தரத்தை ஏற்றி, அதில் கண்ணாடிகளை இயற்பியலாளர் மைக்கல்சனின் குழுவினர் தள்ளித் தள்ளி வைத்து இதே நட்சத்திரத்தைப் பார்த்திருக்கிறார்கள். இடைவெளி சுமார் 10 அடி ஆனதும், கண்ணாடிகளின் ஒளி ஒன்றுசேர்ந்து உண்டாக்கிய கோடுகள் மறைந்தன. அதை வைத்துக் கணக்குப் போட்டார்கள். சூரியனை விட்டால் மனிதன் முதன்முதலில் குறுக்களவு எடுத்த நட்சத்திரம் பெரியப்பாவுடையதுதான்.

அதற்குப் பிறகு வீட்டில் யாரைப் பார்த்தாலும் பயம். அத்தை ரோகிணி: 40 சூரிய அகலத்துக்கு மேல். தம்பி சுவாதி: 25. சித்தி கேட்டை: 600க்கு மேல்.

வேறு வழியில்லாமல் குட்டிகளைத் தேடினேன். நமக்கு மிக அருகில், 4.2 ஒளியாண்டில் இருக்கும் பிராக்சிமா சென்டாரி, அகலத்தில் சூரியனின் ஏழில் ஒரு பங்கை ஒட்டித்தான் வரும். நாலு நட்சத்திரத்தில் மூன்று இந்தச் சிவப்புக் குள்ளர் ஜாதியாம்! ஆக, சூரியனைச் 'சராசரி நட்சத்திரம்' என்பது அநியாயம். பத்தில் ஒன்பதை அவர் எடையில் மிஞ்சிவிடுவார்.

திருவாதிரையின் எடையையும் விசாரித்தேன். அகலம் எழுநூறு மடங்கு. எடையோ இருபது மடங்குக்குள்தான். சராசரியாக, நாம் சுவாசிக்கும் காற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு மெலிசு. எல்லாம் ஊதல்! "ஊதினாலும் பெரிசு பெரிசுதான்" என்றார் பெரியப்பா. 2019 கடைசியில் அது திடீரென்று மங்கியபோது மட்டும் சத்தமில்லாமல் போய்ச் சர்க்கரை டெஸ்ட் எடுத்துக்கொண்டு வந்தார். கடைசியில், அது கக்கிய தூசியே அதன் முகத்தை மறைத்தது என்று தெரிந்தது.

ஆயுள் பலத்தில்தான் எனக்கு நியாயம் கிடைத்தது. நட்சத்திரத்தின் எடை கூடக் கூட எரிபொருள் செலவு தாறுமாறாக ஏறும். திருவாதிரை பிறந்து சுமார் ஒரு கோடி ஆண்டுதான் ஆகிறது. அதற்குள் வெடிக்கும் கட்டத்தை நெருங்கிவிட்டது. சூரியனுக்கு வயது 460 கோடி. இன்னும் 500 கோடி பாக்கி.

ஆகவே, ஜாதகத்தை நீட்டி நட்சத்திரப் பெருமை பேசுகிறவர்களிடம் அகலத்தைக் கேட்காதீர்கள். எத்தனை வருஷம் தாங்கும் என்று கேளுங்கள்.