‘அடுத்த கடையில நிறுத்திக்கலாம்’: தார்ப் பாலைவனத்தில் ஒரு வாக்கியத்தின் நடத்தை குறித்த ஆய்வு

அறிஞர்கள் நெடுங்காலமாகக் கண்டுகொள்ளாமல் விட்ட வாக்கியங்களுள் தலையாயது ‘அடுத்த கடையில நிறுத்திக்கலாம்டா’ என்பது. நண்பர்கள் ஒரே காரில் நெடுந்தூரம் போகையில், ஸ்டியரிங் பிடித்திருப்பவன் வாயிலிருந்து மட்டுமே இது வரும். தமிழ்நாட்டுச் சாலைகளில் இதை ஆராய வழியில்லை. விக்கிரவாண்டியில் ஒருவன் சொல்லி வாய் மூடுவதற்குள் நாலு டீக்கடை எதிர்ப்பட்டு அவனை யோக்கியனாக்கிவிடும். ஆகவே கடைகளே அரிதான ஒரு களம் தேவைப்பட்டது. ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் ஏறக்குறைய 285 கிலோமீட்டர். அங்கிருந்து எல்லையோரத் தனோட் இன்னும் 120. ஐந்து பேர், ஒரு கார், ஓரளவு வேலை செய்யும் ஏ.சி.

முன்னோர் ஆய்வுகளைப் பார்க்காமல் மேலே செல்வது மரபன்று. பாலைக்குரிய பொழுது வேனிலும் நண்பகலும் என்கிறது தொல்காப்பியம், உரிப்பொருள் பிரிவு. தலைவன் தலைவி பிரிவை அலசிய உரையாசிரியர்கள், பின்னிருக்கையில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருக்கும் மூவருக்குள் நேரும் பிரிவைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் பொழுது விஷயத்தில் தொல்காப்பியர் சொன்னது அச்சு அசல். எங்கள் சண்டை அத்தனையும் உச்சிவெயிலில்தான் வந்தது.

முதல் சோதனை பொக்ரானில். 1974இலும் 1998இலும் அணுகுண்டு வெடித்துப் பார்த்தது இந்த ஊருக்குச் சற்றுத் தள்ளித்தான். சம்சம் என்ற பால் இனிப்புக்கும் ஊர் பேர்போனது. ‘இது டவுன்டா, டிராஃபிக்ல மாட்டிக்குவோம். அடுத்த கடையில…’ என்று ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். பின்னிருக்கையில் நடந்த வெடிப்பு எந்த அரசுப் பதிவேட்டிலும் இல்லை.

இங்கே ஒரு துணைக் கண்டுபிடிப்பு. வண்டி ஓட்டுபவனுக்குப் பசிப்பதில்லை. முன்னிருக்கையில் சாய்ந்திருப்பவன் அவன் சொன்னதற்கெல்லாம் ஆமாம் போடுவான், ஏனென்றால் பாட்டு மாற்றும் அதிகாரம் அவனிடம் இருக்கிறது. பின்னால் நடுவில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் உண்மையில் நிறுத்தம் தேவை. அவன் பேச்சு எடுபடாது. எல்லாரையும்விட ஆபத்தானவன் தூங்குபவன். கடை தாண்டி ஒரு கிலோமீட்டர் போனதும் கண் விழித்து, ‘ஏன்டா அங்க நிறுத்தல?’ என்பான். இது எப்படி நிகழ்கிறது என்பதை மருத்துவத்துறைதான் விளக்கவேண்டும்.

ஜெய்சல்மேரில் தங்கி மறுநாள் வடமேற்கே கிளம்பினோம். காற்றாலைகள் கொஞ்ச நேரம் கூட வந்தன. ராம்கர் வந்தது, கடைகள் இருந்தன, வாக்கியமும் உடனே வந்தது. அதற்கப்புறம் மணல்தான். சாலை ஓரத்தில் மணல் ஏறிக் கிடக்கிறது, மேய்ப்பவன் கண்ணில் படாத ஒட்டகங்கள் குறுக்கே நிதானமாகப் போகின்றன. தாரைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று சூடேறி அடர்த்தி குறைவதால் ஒளி மேல்நோக்கி வளைகிறது. வானத்தின் துண்டு சாலையில் தண்ணீர்போலத் தெரிகிறது. கானல்நீர் பற்றி எழுதியவர்கள் உண்டு. கானல் கடை பற்றி நாமே முதலில் பதிவு செய்கிறோம். ‘தோ, ஓட்டல் போர்டு!’ என்று முன்னிருக்கை கூவியது. நெருங்கியபோது அது வளைவை எச்சரிக்கும் பலகை.

தனோட் மாதா கோவிலை எல்லைப் பாதுகாப்புப் படையினரே பராமரிக்கிறார்கள், பூசையும் அவர்களே. 1965 போரில் கோவிலைச் சுற்றி விழுந்தும் வெடிக்காமல் போனவை என்று சொல்லப்படும் குண்டுகளை உள்ளே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே டீ கிடைத்தது. கண்ணாடி டம்ளரை வாங்கிய ஓட்டுநர் எங்கள் பக்கம் திரும்பி, ‘சொன்னேன்ல?’ என்றார்.

ஆய்வு முடிவு இதுதான்: அந்த வாக்கியம் பொய்யன்று, கெடு குறிக்காத கடன்பத்திரம். நாட்டின் எல்லைக்குள் எப்போதாவது தீர்க்கப்படும்.

இதே வழியில் போக இருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். டீ, தண்ணீர், பெட்ரோல் மூன்றையும் ராம்கரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவன் என்ன சொன்னாலும் சரி, சாவியை முதலில் கையில் வாங்கிவிடுங்கள்.